பதினாறு வயதும் தசரதன் தயக்கமும்

அயோத்தி அவைக்கு விசுவாமித்திர முனிவர் எழுந்தருளியபோது தசரத சக்கரவர்த்தி பெருமகிழ்வுடன் எதிர்கொண்டு வணங்கினான். எதைக் கேட்டாலும் தருவதாக வாக்கும் அளித்தான். முனிவரோ, தம் வேள்வியைக் காக்க இராமனை உடன் அனுப்புமாறு கேட்டார். அச்சொல் செவியில் விழுந்ததும் மன்னன் நிலைகுலைந்தான். பிள்ளைக்கு 16 வயதுகூட நிறையவில்லை என்றான். படைகளோடு தானே வந்து காவல் நிற்பதாகவும் சொல்லிப் பார்த்தான். அறுபதாயிரம் ஆண்டு வாழ்ந்து பெற்ற பிள்ளையை அரண்மனை வாயிலுக்கு வெளியே அனுப்ப எந்தத் தந்தைக்குத்தான் மனம் வரும்?

மன்னனைத் தெளிவித்தவர் வசிட்டர். அவர் அக்குலத்தின் குரு. இராமனுக்கு அரண்மனையிலேயே கல்வி அளித்தவர். தம் மாணவனை வேறொருவரிடம் அனுப்புவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. தாம் தந்த கல்விக்கு மேல் அவன் பெற வேண்டியது இன்னும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். பலை, அதிபலை என்னும் மந்திரங்களும், எண்ணற்ற அத்திரங்களும், மிதிலைக்குச் செல்லும் வழியும் விசுவாமித்திரரிடமிருந்தே இராமனுக்குக் கிடைத்தன.

பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கவைக்கும் பெற்றோர் இந்தக் கட்டத்தை ஒரு முறை நிதானமாகப் படிப்பது நன்று. நம் வாசகர் குடும்பங்களிலும் இத்தகையோர் இன்று உள்ளனர். சிலர் வேத அத்தியயனத்துக்காகவும், சிலர் தேவார இசைக்காகவும், சிலர் நாகசுரம், பரதம் போன்ற கலைகளுக்காகவும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விடுவித்திருக்கிறார்கள். பள்ளிச் சூழலின் அழுத்தம் பிள்ளைக்கு ஒவ்வாமையால் வீட்டில் அமர்த்திக்கொண்டவர்களும் உண்டு. காரணம் எதுவாயினும் பிள்ளைக்கு 14, 15 வயது ஆகும்போது எல்லோர் உள்ளத்திலும் ஒரே கேள்வி எழுகிறது: நாளை இவன் கல்லூரிக்குப் போக முடியுமா?

முடியும் என்பதே விடை. அதற்கான வாயில்கள் திறந்தே இருக்கின்றன. ஆனால் அந்த வாயில் வரை பிள்ளையைக் கொண்டுசெல்வதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. வீட்டுக் கல்வியின் கடைசி நான்கு ஆண்டுகளில் பெற்றோர் ஆற்ற வேண்டிய பெரும்பணி, ஆசிரியர் பொறுப்பைச் சிறிது சிறிதாகத் தம் கையிலிருந்து இறக்கிப் பிள்ளையின் கையில் ஒப்படைப்பதே ஆகும்.

பழைய குருகுலத்தில் இதற்கென ஒரு நாள் இருந்தது. சமாவர்த்தனம் என்பது அதன் பெயர். கல்வி முற்றிய மாணவன் நீராடி, குருவின் விடைபெற்று இல்லம் திரும்புவான். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், விடைபெறும் மாணவனுக்குக் குரு கூறும் அறிவுரை பதினோராவது அநுவாகமாக அமைந்திருக்கிறது. மாணவனை வரவேற்றபோதே அவனை அனுப்பும் நாளும் குருவின் மனத்தில் இருந்தது. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு அத்தகைய நாள் தானாக வருவதில்லை. தாயே ஆசிரியை, தந்தையே தேர்வாளர், வீடே பள்ளி. எந்த நாளில் விடை கொடுப்பது என்பதைப் பெற்றோர்தாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரி வாயிலை இருவர் அணுகிய விதத்தை இங்கே நினைவுகூர்வோம். இருவரும் சோழநாட்டுக் காவிரிக் கரையோடு தொடர்புடையவர்கள். இருவரும் வந்து நின்றது கும்பகோணம் அரசுக் கல்லூரியில்.

முதலாமவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். அவர் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். ஆசிரியர் 1876-இல் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அரவணைப்பில் இருந்தவர். அவரது 25-ஆம் வயதில், 1880-இல், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் தாம் ஓய்வுபெறும் இடத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். பரிந்துரையோடு காரியம் முடிந்துவிடவில்லை. முன்பின் அறியாத கல்லூரிப் பேராசிரியர்கள் வினவ, அவர்கள் முன்னிலையில் தம் புலமையைக் காட்டிய பின்பே அப்பதவி அவருக்கு உறுதியாயிற்று. மடத்தில் கற்ற கல்வி, மடத்துக்கு வெளியே உள்ளவர்களின் வினாக்களுக்கும் விடை சொல்லும் ஆற்றலாக முதிர்ந்திருந்தது.

இரண்டாமவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். அவர் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அடியார். பள்ளிக்குச் சென்றவரே என்றாலும் அவரது உயர்கணிதம் பெரிதும் தாமே கற்றது. பள்ளி நாளில் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலை வைத்துக்கொண்டு, கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் உள்ள சிறு வீட்டில் அவர் கணக்கில் மூழ்கினார். 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் மனம் செல்லாமையால் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே வழியைத் திறந்தது. 1916-இல் அப்பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது.

'இராமானுசன் தேர்வில் தேறாமலே மேதையாகவில்லையா?' என்று கேட்போர் உண்டு. அவருக்கும் நடுவே சில ஆண்டுகள் வறுமையிலும் அலைச்சலிலும் கழிந்தன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரு துறையில் இறையருள் பொழிந்த பிள்ளைக்கும் மற்றப் பாடங்களில் தேர்ச்சி அளவுக்கேனும் உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குப் பிள்ளையைப் பழக்குவது வீட்டுக் கல்வியில் கடினமான செயல். பிடித்ததைப் படிக்கவே வீட்டில் இருக்கிறோம் என்று பிள்ளை எண்ணும். பிடிக்காத பாடத்துக்கும் நாள்தோறும் ஒரு மணி நேரம் அமரவைக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

இனி வாயில்களைப் பார்ப்போம்.

மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் தேசிய திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி, 2002-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. என்.ஐ.ஓ.எஸ். என்ற எழுத்துகளால் பலரும் இதனை அறிவர். 14 வயது நிறைந்தவர் இதன் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். அதில் தேறி, 15 வயதும் நிறைந்தவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். சான்றிதழ் பெற ஒரு மொழியேனும் உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். தேர்வு ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டு வரை செல்லும். ஐந்து பாடங்களையும் ஒரே அமர்வில் எழுதியாக வேண்டிய கட்டாயம் இல்லை. மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவை உற்சவங்களில் பாடும் பிள்ளையும், ஆருத்திராவுக்கு ஆடச் செல்லும் பிள்ளையும் தம் நாட்களுக்கு ஏற்பத் தேர்வைப் பிரித்துக்கொள்ள இந்த ஏற்பாடு பெரிதும் உதவும். வேத அத்தியயனம், சம்ஸ்கிருத வியாகரணம், இந்தியத் தத்துவம், கருநாடக இசை முதலியவையும் அதன் பாடப்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன.

பாடசாலையில் வேதம் பயிலும் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. கண்ணனும் பலராமனும் சாந்தீபனி முனிவரிடம் பாடங் கேட்ட அவந்தி நகரமே இன்றைய உஜ்ஜயினி. அம்முனிவரின் பெயர் தாங்கி அங்கே இயங்கும் தேசிய வேத சம்ஸ்கிருதக் கல்வி வாரியம் வேதபூஷண், வேதவிபூஷண் என்னும் சான்றிதழ்களை வழங்குகிறது. இவற்றை முறையே பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நிகராக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2022-இல் ஏற்றது. உங்கள் பிள்ளை பயிலும் பாடசாலை இவ்வாரியத்தோடு இணைந்ததா என்பதைச் சேர்க்கும்போதே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சான்றிதழ் நிகரானது என்பதனால் எல்லாப் படிப்புக்கும் அது போதும் என்று கொள்ளலாகாது. பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளை கணிதமும் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை நுழைவுத்தேர்வு இன்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் இம்மூன்று பாடங்களின் மதிப்பெண்ணைக் கொண்டே நடைபெறுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு நடைபெறுகிறது. ஆகவே எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை முதலில் எண்ணி, அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டைப் படித்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து ஒன்பதாம் வகுப்பு வயதிலேயே பாடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அறிவியல் பாடம் எடுத்தால் செய்முறைத் தேர்வும் உண்டு. அதற்கு நிறுவனம் ஒதுக்கும் பயிற்சி மையத்துக்குப் பிள்ளை சென்று வர வேண்டும். அடுக்களை மேசையில் அமிலத்தை அளந்து பழக இயலாது அல்லவா?

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். பிறப்புச் சான்று, ஆதார், கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று ஆகிய நான்கிலும் பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தை ஒரு சான்றில் முன்னும் மற்றொன்றில் பின்னும் எழுதும் பழக்கம் உண்டு; ஒன்றில் எழுத்தாகவும் மற்றொன்றில் முழுப்பெயராகவும் இருப்பதும் உண்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இவற்றைத் தலைமையாசிரியர் கவனித்துக்கொள்வார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தலைமையாசிரியரும் நீங்களே.

இவை யாவும் வெளி ஏற்பாடுகள். உள்ளே நிகழ வேண்டிய ஏற்பாட்டுக்கு வருவோம்.

14 வயதில் பிள்ளையின் அன்றாட அட்டவணையைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து எழுதட்டும். 15-இல் பிள்ளை எழுதித் தாயிடம் காட்டட்டும். 16-இல் பிள்ளையே எழுதிப் பிள்ளையே நடத்தட்டும். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின்னர், நடந்ததைச் சொன்னால் போதும். அந்த வயதில் சில நாட்கள் வீணாகப் போகும், பாடங்கள் தேங்கும். அதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பது தாய்க்குப் பெரும் தவம். கல்லூரி விடுதியில் காலையில் எழுப்ப எவரும் வரப்போவதில்லை. அந்த வீணான நாட்கள் வீட்டிலேயே கழிந்துவிடுவது நல்லது.

வாரம் ஒருமுறையேனும் பிள்ளை மூன்று மணி நேரம் இடைவிடாமல் அமர்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தாளில் கையால் எழுதிப் பழகட்டும். சந்தை சொல்லியும் பாடியும் பயின்ற பிள்ளைக்கு நினைவாற்றல் மிகுதி. ஆனால் நினைவில் உள்ளதை உரிய நேரத்துக்குள் எழுத்தாக்குவது தனிப் பயிற்சி. எழுதிய விடைத்தாளை நீங்கள் திருத்தாதீர்கள். உறவில் ஓர் ஆசிரியர், கோயிலில் அறிமுகமான ஓய்வுபெற்ற பேராசிரியர், தெருவில் உள்ள வங்கி அலுவலர் என யாரேனும் ஒருவர் திருத்தட்டும். தாயின் கண்ணுக்குத் தப்பும் பிழை அயலார் கண்ணுக்குத் தப்பாது. அயலார் சொல்லும் குறையை முகம் வாடாமல் கேட்டுக்கொள்ளவும் பிள்ளை பழகும். சாமிநாதையருக்கு நேர்ந்தது போல, முன்பின் அறியாதவர் கேட்கும் வினாவின் முன் ஒருநாள் நம் பிள்ளையும் நிற்க வேண்டியவனே.

ஆசாரம் பேணும் குடும்பங்களுக்கு விடுதி உணவு ஒரு பெருங்கவலை. 'வெளியூர் போனால் சந்தியாவந்தனம் விட்டுப்போகும்; வெளிச்சோறு உண்ண நேரும்' என்று அஞ்சிப் பிள்ளையின் கல்லூரிப் படிப்பையே நிறுத்த எண்ணுவோர் உண்டு. அந்தக் கவலைக்குத் தீர்வு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஆண்பிள்ளையாயினும் பெண்பிள்ளையாயினும் 16 வயதுக்குள் சோறு வடிக்கவும், ஒரு குழம்பும் ஒரு பொரியலும் செய்யவும், பாத்திரம் துலக்கவும் கற்கட்டும். நியமத்தைப் பொறுத்தவரையில், தந்தை குரல் கொடுத்தால் மட்டும் நடக்கும் சந்தி தந்தையின் சந்தியே. ஒருவரும் கேளாத நாளிலும் பிள்ளை தானாக எழுந்து நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு அமர்கிறானா என்று பாருங்கள். அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டால் எந்த ஊர் விடுதியும் அதைப் பறிக்காது. வேரூன்றவில்லை எனில், வீட்டிலேயே வைத்துக்கொள்வதாலும் அது நிலைக்காது.

பெண்குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் படிக்கும் மகனைப் 'படிக்கிறான்' என்கிறோம். வீட்டில் படிக்கும் மகளை 'வீட்டில்தானே இருக்கிறாள்' என்கிறோம். பாட்டிக்கு மருந்து கொடுப்பதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும், விருந்தினருக்குக் காப்பி கலப்பதும் ஒவ்வொன்றாக அவள் படிப்பு நேரத்தில் வந்து சேர்கின்றன. ஒரு நாளுக்கு அது அன்பான உதவி. இரண்டாண்டு தொடர்ந்தால், தேர்வுக்குப் பதிவு செய்யும் தேதி கடந்துபோய், அடுத்து வரன் பார்க்கும் பேச்சு தொடங்கிவிடுகிறது. யாரும் தீங்கு எண்ணவில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் கல்வி ஓசையின்றி நின்றுவிடுகிறது. மகளின் படிப்பு நேரம் பெருமாள் சந்நிதியில் திரையிட்ட நேரம் போன்றது என்று வீட்டார் அனைவரும் கொள்ள வேண்டும். அந்நேரத்தில் எவரும் அழைக்கலாகாது. அவளுக்கும் விடை கொடுக்கும் நாள் ஒன்று குறிக்கப்பட வேண்டும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டு வயதில் வேதத்துக்கோ தேவாரத்துக்கோ அர்ப்பணித்த பிள்ளை 16 வயதில் வந்து, 'அப்பா, நான் கணக்குப் படிக்க விரும்புகிறேன்' என்று கூறலாம். அதைத் துரோகமாகக் கருத வேண்டாம். அதுவரை கற்ற மந்திரமும் பண்ணும் அவன் நெஞ்சில் என்றும் இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கையில் இருந்தால் அந்த வேண்டுகோளுக்கு நீங்கள் அமைதியாக விடை சொல்லலாம். அது இல்லையெனில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே கசப்புதான் மிஞ்சும். அத்தியயனத்தைத் தொடர்வேன் என்று சொல்லும் பிள்ளைக்கும் அந்தச் சான்றிதழ் பாரமாகாது. வேறு வழி இருந்தும் இதுவே என் வழி என்று தேர்ந்தவனது வேதம், வழியின்றி ஓதுபவனது வேதத்தைக் காட்டிலும் உறுதியாக நிற்கும்.

தேர்வுக் காலம் வந்துவிட்டால் திருவஹீந்திரபுரத்து ஹயக்ரீவர் மலையிலும், செட்டிபுண்ணியத்திலும், கூத்தனூர் சரசுவதி சந்நிதியிலும் பேனாவும் தேர்வு அனுமதிச் சீட்டும் குவிகின்றன. நீங்களும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அந்தச் சீட்டுக்கான விண்ணப்பத்தைப் பிள்ளையே நிரப்பியிருக்கட்டும். கட்டணத்தைப் பிள்ளையே செலுத்தியிருக்கட்டும். தேர்வு மையத்துக்குச் செல்லும் பேருந்து எது என்று பிள்ளையே விசாரித்து வைத்திருக்கட்டும். சந்நிதியில் அருச்சனைத் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீங்கள் ஓரடி பின்னே நில்லுங்கள். தன் பெயரையும் நட்சத்திரத்தையும் பிள்ளை தன் வாயாலேயே சொல்லட்டும். ஞானானந்தமயனான பரிமுகப் பெருமாள் நம் இல்லத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெளிந்த அறிவையும், அவர்களைப் பெற்றவர்களுக்கு உரிய நாளில் மலர்ந்த முகத்துடன் விடை கொடுக்கும் மனத்தையும் அருள்வானாக.